அரிப்பு பற்றி நீ கேட்டது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்கு நீ வராத காரணம் இப்போதுதான் புரிந்தது. முதலில் உனக்கு, அப்புறம் தங்கச்சிக்கு, இப்போது கைக்குழந்தைப் பேரனுக்கும் அரிப்பு. சித்திரையில் எங்கள் வீடும் இப்படித்தான் கிடந்தது.

பேத்தி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்து அப்பத்தாவோடு ஒரே போர்வையில் படுத்தாள். அவ்வளவுதான். வேர்க்குரு என்றோம், கத்திரிக்காயை நிறுத்தினோம், வரப்போரப் பார்த்தீனியத்தின் மேல் பழி போட்டோம். அந்தச் செடியால் வருவது முகம், கழுத்து என்று வெளியே தெரிகிற இடத்தில்தான் அதிகம். இது விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், பாவாடை நாடா இறுக்கும் இடம். விளக்கை அணைத்ததும் தொடங்கிவிடும்.

தோல் டாக்டர் விரல் இடுக்கை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பென்சிலால் கிறுக்கினாற்போல் சின்னதாக ஒரு வளைந்த கோடு. சிரங்கு! பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து முட்டையிட்ட தடமாம் அது. முதல் தடவை ஒட்டினால் அரிப்புத் தெரியவே 4, 6 வாரம்கூட ஆகும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பஞ்சாயத்து வைக்காதே.

மருந்து லேசுதான், பெர்மெத்ரின் 5% கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண்கூட விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிப்பது. ஒரு வாரத்தில் இன்னொரு தடவை. ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும், அரிக்காதவரும். பாடுபட்டது அதற்குத்தான். "எனக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே" என்று பையன் நழுவப் பார்த்தான். தடவினால்தான் சோறு என்று டியூபோடு நின்றுவிட்டாள் அவன் அம்மா. நீ கொடுத்த சென்னிமலைப் போர்வையையும் சுடுதண்ணீரில் போட்டுவிட்டாள். சாயம் போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் மூலையில் போட்டோம். உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும்.

மருந்துக்கடையில் கேட்டதும் தருகிற ஸ்டீராய்டு களிம்பு மட்டும் வேண்டாம். அரிப்பு அடங்கினாற்போல் காட்டும், பூச்சி அப்படியே இருக்கும். சரியான மருந்து போட்ட பிறகும் சில வாரம் அரிக்கத்தான் செய்யும். அதற்காகத் தினமும் தடவிவிடாதே.

உனக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. படர்தாமரையும் வீட்டையே சுற்றிவரும், அதற்கு மருந்து வேறு. குழந்தைக்குத் தலையிலும் தடவச் சொல்வார்கள், அதை டாக்டர் சொன்னபடி செய். தங்கச்சி வெட்கப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். ரெண்டு வேளை குளிக்கிறவர்களுக்கும் வருகிறது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெருந்துறை பெரியாஸ்பத்திரிக்கு வீட்டோடு சேர்ந்தே போய் வாருங்கள். பார்த்துவிட்டு எழுது. மஞ்சளுக்கு இப்போதுதான் களை எடுக்கிறோம், ஆள்தான் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் மச்சான்