பாதி வருடச் சம்பளத்துக்கு இரண்டு மாநிலத்திலும் முழு வரி: கட்டணத்தைத் திருப்பித் தரவும்

வணக்கம்,

உங்கள் டாக்ஸ் மென்பொருளை நான்கு வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறேன். ஒரே ஊரில் இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. 2024 ஜூன் கடைசியில் இல்லினாய்ஸில் இருந்த நேப்பர்வில்லைக் காலி செய்துவிட்டு நார்த் கரோலைனாவில் கேரிக்குக் குடிவந்தேன். அதே கம்பெனி, அதே சம்பளம், வீடு மட்டும்தான் மாறியது. எந்தத் தேதியில் மாறினீர்கள் என்று உங்கள் மென்பொருள் கேட்டது, ஜூலை 1 என்று போட்டேன். அப்புறம் அந்தத் தேதியை அது எங்கே கொண்டுபோய் வைத்ததோ தெரியவில்லை.

கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பளச் சான்றான என் டபிள்யூ-2வில் மொத்தச் சம்பளம் 96,000 டாலர். மாநிலத்தையும் அங்கே வந்த சம்பளத்தையும் காட்டும் 15, 16ஆம் கட்டங்களில் இரண்டு வரிசைகள்: இல்லினாய்ஸ் 48,000, நார்த் கரோலைனா 48,000. இதைவிடத் தெளிவாக ஒரு கம்பெனி எழுதித் தர முடியாது. நீங்களோ இரண்டு மாநிலத்துக்கும் 96,000ஐத் தூக்கிப் போட்டு, இரண்டிலும் நான் வருடம் முழுக்க வாழ்ந்ததாகக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். இல்லினாய்ஸுக்கு 2,200 டாலருக்கு மேல் பாக்கி, இங்கே இன்னொரு 1,800க்கு மேல். திரையில் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் என் கம்பெனிதான் சரியாகப் பிடித்தம் செய்யவில்லை என்று நினைத்து, பாவம், சம்பளக் கணக்குப் பார்க்கும் பேரோல்காரரிடம் போய் சண்டை போட்டேன்.

உங்கள் சாட்டில் வந்தவர் முதலில், இல்லினாய்ஸுக்குப் பக்கத்து மாநிலங்களோடு வரி ஒப்பந்தம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள் என்றார். அந்த ஒப்பந்தம் அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சின் நான்கோடு மட்டும்தான், அதுவும் ஒரு மாநிலத்தில் குடியிருந்துகொண்டு இன்னொன்றுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு. நான் குடியே மாறியவன். சரி என்று இரண்டாவது யோசனை சொன்னார்: வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரிக்கான கிரெடிட்டை, அதாவது வரிக்கழிவை, போடுங்கள், பாக்கி குறையும். குறையும்தான், ஆனால் தப்பாகக் குறையும். அந்த கிரெடிட் ஒரே வருமானத்துக்கு இரண்டு மாநிலம் வரி கேட்டால்தான். எனக்கு எந்த டாலருக்கும் இரண்டு மாநிலம் கேட்கவில்லை, கேட்டது நீங்கள் மட்டும்.

கடைசியில் இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து நானே போட்டேன். இல்லினாய்ஸுக்கு, வருடத்தில் பாதி மட்டும் அங்கே இருந்தவர்களுக்கான ஷெட்யூல் என்ஆர் படிவம்: அங்கே இருந்த ஆறு மாதச் சம்பளம், அதற்கேற்றபடி பாதி எக்ஸம்ப்ஷன் (வரிவிலக்குத் தொகை), 4.95 சதவீதம். நார்த் கரோலைனாவில் அதே மாதிரியான ஷெட்யூல் பிஎன்: முழு வருமானத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற நிலையான கழிவு 12,750ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தில் இந்த மாநிலத்தின் பங்கான பாதிக்கு 4.5 சதவீதம். முடிவு என்ன தெரியுமா? இல்லினாய்ஸிலிருந்து எனக்கு ஏறக்குறைய 68 டாலர் ரீஃபண்ட், இங்கிருந்து ஒரு 26. நாலாயிரம் கட்டச் சொன்ன இடத்தில்! ஹெலீன் புயலை முன்னிட்டு இந்த மாநிலத்தில் கெடு தள்ளிப்போயிருந்ததால் இங்கேயுள்ள ரிட்டர்ன் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, இல்லினாய்ஸுக்குக் கெடு ஏப்ரல் 15 என்பதால் உங்களுக்காகக் காத்திருக்காமல் அதைத் தாளில் அச்செடுத்துத் தபாலில்தான் அனுப்பினேன்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. இரண்டு ஸ்டேட் ரிட்டர்னுக்கு என்று வாங்கிய 98 டாலரையும் என் கார்டுக்கே திருப்பிப் போடுங்கள், ஏனென்றால் அந்த இரண்டில் ஒன்றைக்கூட உங்கள் மூலம் நான் அனுப்பவில்லை. குடிமாறிய தேதியைக் கேட்டுவிட்டு முழு வருடப் படிவத்தையே நிரப்புகிற அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டீர்களா என்று எழுத்தில் பதில் தாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளும் சாட் பதிவும் இணைத்திருக்கிறேன். போன வாரம் நீங்கள் அனுப்பிய அடுத்த வருடத்துக்கான 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனை நான் பயன்படுத்தப்போவதில்லை, அதை 98 டாலரில் கழித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கேரியிலிருந்து உங்கள் நான்கு வருட வாடிக்கையாளர்