மணல் போட்ட ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று விக்ரோறியா டே இரவு. இப்ப விடிஞ்சிட்டுது, தம்பி இன்னும் நித்திரை, அவனுக்கெண்டு பழக்கின எங்கட நாய் மாப்பிள்ளை அவன்ர கால்மாட்டில கிடக்குது. நான் குசினி மேசையில இருந்து ஃபோன்ல இத தட்டிக்கொண்டிருக்கிறன், கண்ணீர் நிக்குதே இல்ல, எழுத்துப் பிழை இருந்தா குறை நினையாதேங்கோ.

எங்கட கதை இத வாசிக்கிற கனபேருக்குத் தெரியும், திருப்பி எழுதேல்ல. ஊரில சண்டை முடிஞ்ச 2009 மே 18 ஒரு திங்கக்கிழமை, இஞ்ச கனடாவில அண்டைக்குத்தான் விக்ரோறியா டே. ஒவ்வொரு வருசமும் அந்த நாளை ஒட்டித்தான் ஸ்காபறோவில சந்திக்குச் சந்தி வாணம் விடுவினம். சின்னப் பிள்ளையளின்ர சந்தோசம், ஆரையும் பிழை சொல்ல மாட்டன். ஆனா போன வருசம் வரைக்கும் அந்த இரவு முழுக்க தம்பி பாத்ரூம் கதவைப் பூட்டி, பைப்பைத் திறந்து விட்டுப்போட்டு உள்ளுக்க இருப்பான், நான் வெளியில கதவோட சாஞ்சு இருப்பன். நேற்று முதல் வெடி கேட்ட உடன நிலத்தில குந்தினவன்தான், நாய் ஓடிப்போய் அவனைச் சரிச்சு, நெஞ்சில முழுப் பாரத்தையும் போட்டுப் படுத்திட்டுது. முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும், கறுப்பு லப்றடோர். அந்தப் பாரம்தான் மருந்து, அப்பிடித்தான் பழக்கியிருக்கினம். அவன் அதின்ர காதைத் தடவித் தடவி, மூச்சு மெல்ல மெல்ல இறங்கி, வெளியில இன்னும் வெடிச்சுக்கொண்டிருக்கேக்கையே நித்திரையாப் போனான். நான் நிண்டு பாத்துக்கொண்டே இருந்தன்.

முதல் நன்றி மேல்வீட்டு ஐயாவுக்கு.

நாங்கள் அவற்ற பேஸ்மென்ட்டில வாடகைக்கு இருக்கிறம். நாய் வரப்போகுது எண்டு சொல்லப் போன அண்டைக்கு ஐயா கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. புங்குடுதீவில நாய் படலைக்கு வெளியிலதான் நிக்கும், வீட்டுக்குள்ள நாயோ பிள்ளை எண்டு மட்டும் கேட்டார். பிறகு, தம்பிக்குச் சுகம் வருமெண்டா கொண்டு வா எண்டார். நாயின்ர பேர் மேப்பிள், வரேக்கயே அந்தப் பேரோடதான் வந்தது. ஐயாவின்ர வாயில அது மாப்பிள்ளையாப் போச்சு. "மாப்பிள்ளை சாப்பிட்டாரோ" எண்டு அவர் படியில நிண்டு கேட்ட அண்டைக்கு தம்பி சிரிச்சான். எத்தினை வருசத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எண்டு எனக்குத்தான் தெரியும்.

தை மாசம் ஸ்னோ கொட்டத் தொடங்க, நாங்கள் போய்வாற பக்கவாசல் படியில உப்புப் போட்டிருந்திச்சு. எல்லா வீட்டிலயும் போடுறதுதானே. நாய் ரெண்டு படி ஏறிப்போட்டு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிண்டு முனகிச்சு, பாதத்தின்ர வெடிப்புக்குள்ள உப்புப் போனா எரியும். சப்பாத்து வாங்கிப் போட்டம், உதறி எறிஞ்சு போட்டுது. ஐயாட்ட எப்பிடிச் சொல்றது? அவற்ற வீடு, ஆராவது வழுக்கி விழுந்தா அவர்தான் பதில் சொல்லவேணும், உப்புப் போடாதேங்கோ எண்டு வாடகைக்கு இருக்கிற நான் சொல்லலாமோ எண்டு விட்டிட்டன். ஒரு கிழமைக்குப் பிறகு விடிய வேலைக்குப் போகக் கதவைத் திறந்தா படியில வெள்ளையா ஒண்டும் இல்ல, மண்நிறமாக் கிடக்குது. குனிஞ்சு தொட்டுப் பாத்தன், மணல். கடையில உப்பு முடிஞ்சுதாக்கும் எண்டு நினைச்சன். ஆனா மாரி முடியும் வரைக்கும் மணல்தான்.

உப்பெண்டா ஐஸைக் கரைச்சுப்போடும். மணல் கரைக்காது, கால் வழுக்காமப் பிடிக்கும், அவ்வளவுதான். அப்ப ஐஸைக் கையால உடைச்சுத்தான் எடுக்கவேணும். முழங்கால் வருத்தத்தோட, எழுபது தாண்டின மனுசன், விடிய இருட்டுக்க நிண்டு அத உடைச்சிருக்கிறார். பங்குனியில ஒருநாள் கேட்டே விட்டன். "உப்புப் பட்டா மாப்பிள்ளைக்குக் கால் எரியுமாம், பேரன் சொன்னவன்" எண்டுபோட்டு, வெயில் வந்தா கத்தரி வைக்கோணும் எண்டு வேற கதைக்குப் போட்டார்.

இன்னொண்டு இருக்கு, அத நான் அவரோட கதைச்சதே இல்ல. தம்பியின்ர யன்னலுக்கு நேர மேலதான் அந்தப் படி. முந்தியெல்லாம் ஸ்னோ தள்ளுற சவல் சீமெந்தில உரசுற சத்தத்துக்கு அவன் துள்ளி எழும்புவான். ஐயா இப்ப யன்னலடியில வந்து நிண்டு ரெண்டு தரம் செருமுவார், கொஞ்சம் பொறுப்பார், பிறகுதான் தொடங்குவார். அது ஐயாதான் எண்டு தம்பிக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். அப்பிடிச் செய்யுங்கோ எண்டு நாங்கள் சொன்னதில்ல. ஐயா 83ல கொழும்பில இருந்தவர், அதுக்கு மேல அதப்பற்றி ஒண்டும் கதைக்க மாட்டார்.

இண்டு வரைக்கும் அவர் நாயைத் தொட்டதில்ல. பயம். ஆனா வேலைச் சட்டை போட்ட நாயைத் தடவக் கூடாது எண்டு எத்தினை பேருக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன், அவருக்குச் சொல்லவேண்டி வரேல்ல.

மற்ற ஆக்களை ஒண்டாச் சேத்துச் சொல்றதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தம்பிக்கு இந்த நாய் வேணுமெண்டு கடிதம் எழுதித் தந்த டொக்டர், அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஒன்ராறியோ சட்டப்படி கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் நாயோட போறம். ஒரு கடையில கடிதத்தைப் பாக்காமலே வெளியில போகச் சொன்னவை, அண்டைக்கே ரெண்டு கடை தள்ளி, "வாங்கோ தம்பி, அவரும் வரட்டும்" எண்டு கூப்பிட்ட அக்கா. குட்டியில எடுத்து ஒரு வருசம் வளத்து, பிறகு அழுது அழுது எங்களிட்ட விட்ட குடும்பம். பழக்கின பிள்ளையள். தனக்கு விழுந்த சீட்டுக் காசை அப்பிடியே என்ர கையில தந்து உன்ர முறை வரேக்க தா எண்ட சிநேகிதி. கடுமையான மனநலப் பாதிப்புக்குப் பழக்கின நாயின்ர செலவையும் 2018ல இருந்து மருத்துவச் செலவா வரியில காட்டலாம் எண்டு தேடிச் சொன்ன கணக்காளர் அண்ணா. உங்கள் எல்லாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறன்.

உதவி வேணுமெண்டு கேக்க எனக்குக் கனவருசம் வெக்கம். பைத்தியம் எண்டு சொல்லிப்போடுவினமோ எண்ட பயத்தில தம்பியை வீட்டுக்குள்ள வச்சே மறைச்சனான், அது நான் அவனுக்குச் செய்த பிழை. உங்கட வீட்டிலயும் ஒருத்தர் விடிய விடிய நித்திரை கொள்ளாம இருந்தா எனக்கு எழுதுங்கோ. எந்தப் படிவம், ஆரிட்டக் கடிதம், எவ்வளவு காலம் பாத்திருக்கவேணும் எல்லாம் இருந்து சொல்லித் தருவன். கடன் அடைஞ்ச பிறகு ஒரு குட்டியை எடுத்து வளத்துக் குடுக்கிறதெண்டும் நினைச்சிருக்கிறன்.

ஐயா, நீங்கள் ஃபோன்ல வாசிக்க மாட்டியள், பேரன் வாசிச்சுக் காட்டுவான். கராஜுக்க அரை மூட்டை மணல் இன்னும் கிடக்குது. வாற மாரிக்கு சவல் என்ர கையில. நீங்கள் யன்னலடியில வந்து செருமினாக் காணும்.