ஆண்டறிக்கை 2025–26: வீட்டிலிருந்து நகை செய்யும் பெண்கள் சங்கம், இராமநாதபுரம் கடற்கரை வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் அக்கா, தங்கச்சி, லாத்தாமார் அனைவருக்கும் வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வரும். கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகாமல் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாக்கி விவரம் கடைசியில்தான் இருக்கிறது.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. சில கூட்டங்கள் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) சேராமல் டீயோடு கலைந்தன. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் மிட்டாய் கொடுத்தோம். மகளிர் தினத்துக்கு ராமநாதபுரத்தில் ஸ்டால் போட்டோம். விற்பனை பரவாயில்லை, ஃபேன் இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் கடைகளுக்குச் சரக்கு போனது.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து ராமேஸ்வரம் கடைக்காரர்கள் சரக்குக்குக் காசு கேட்டால் நம்மிடம் சொல்லிவந்த ஒரே பதில் "ரயில் வரட்டும்மா" என்பதுதான். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்து ரயிலும் வந்துவிட்டது. இப்போது பதில் "வித்ததும் தர்றேம்மா" என்று மாறியிருக்கிறது. ரயில் மண்டபம் ஸ்டேஷனோடு நின்ற காலத்தில் அதன் வாசலில் தட்டு வைத்து விற்ற மண்டபம் உறுப்பினர்கள் இருவருக்குப் புதுப் பாலத்தில் வருத்தமே என்பதையும் பதிவு செய்கிறேன். கடைக்குச் சரக்கு வைக்கும்போது எண்ணிக்கை எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லிப் பலமுறை ஆகிவிட்டது. "தெரிஞ்ச அண்ணன்தானே" என்று விட்டவர்களுக்காகச் சங்கம் போய்ச் சண்டை போட முடியாது.

இனி இந்த ஆண்டின் முக்கியமான பணிக்கு வருகிறேன். கொக்கி.

கம்மலைக் காதில் மாட்டும் அந்தக் கொக்கி விஷயத்தில் செயலாளராகிய நான் சங்கப் பணத்தைக் கரைத்துவிட்டேன் என்று ஒரு பேச்சு உச்சிப்புளியில் தொடங்கித் தொண்டி வரை போய்த் திரும்பி என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆகவே விவரமாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் படம் அனுப்பியிருந்தார். நம் உறுப்பினர் ஒருவர் செய்த சோழிக் கம்மல். சோழி அப்படியே பளபளவென்று இருக்கிறது. காதுமடல் சிவந்து வீங்கி, துளையைச் சுற்றிப் பச்சை வளையம். "உங்க ஊர்ச் சிப்பி விஷமா?" என்று கேட்டிருந்தார். சிப்பி என்ன செய்தது பாவம். அது வெறும் சுண்ணாம்பு. குற்றவாளி நாம் மதுரை விளக்குத்தூண் பக்கம் பாக்கெட் பாக்கெட்டாக அள்ளிவருகிற மலிவுக் கொக்கி. உள்ளே இரும்போ பித்தளையோ, மேலே நிக்கல், அதற்கு மேல் தங்க நிறத்தில் ஒரு பூச்சு. கடல் இல்லாத உள்நாட்டு ஊர்களில் அந்தப் பூச்சு தாங்கலாம். நமக்குக் கச்சான் என்கிற தென்மேற்குக் கடற்காற்று அடிக்கத் தொடங்கினால் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. பூச்சு போனதும் பித்தளையில் உள்ள செம்பு களிம்பு பிடிக்கிறது, நிக்கல் தோலில் படுகிறது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரிப்பு, வீக்கம், நீர்.

இதை வாயால் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரியும். ஆகவே என் வீட்டு மொட்டைமாடியில், கடலைப் பார்த்த பக்கம், ஒரு பிளைவுட் பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஐந்து வகைக் கொக்கிகளைத் தொங்கவிட்டு, கீழே பெயரும் விலையும் எழுதி ஒட்டினேன். என் மாமியார் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார். இரும்புக் கொக்கி முதலில் போனது. துரு வழிந்து அதன் விலைச்சீட்டையே நனைத்துவிட்டது. தங்கப் பூச்சு வளைவுப் பகுதியில், அதாவது காதுத் துளைக்குள் இருக்கும் அதே இடத்தில், முதலில் உரிந்தது. வெறும் பித்தளை கறுத்துப் பிறகு பச்சையானது. 304 ரக ஸ்டீலில் அங்கங்கே பழுப்புப் புள்ளி. 316 ரகம் துடைத்தால் புதுசு. இரண்டும் ஸ்டீல்தான், 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்குகிறது. அதிலும் நிக்கல் உண்டு என்று கீழக்கரை லாத்தா ஒருவர் சரியாகவே கேட்டார். உண்டு. ஆனால் ஸ்டீல் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால் தோலுக்கு வருவது மிகக் குறைவு. இருந்தும் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களிடம் "பரவாயில்லை போடுங்க" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பலகையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். 316 கொக்கி சில்லறையில் கட்டுப்படியாகாது, மொத்தமாக எடுத்தால்தான் விலை இறங்கும் என்பதால், சங்கச் சேமிப்பிலிருந்து வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுப்பதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக என்றால் அன்றைக்கு வந்திருந்தவர்களின் மனது. வராமல் இருந்துவிட்டு "எங்கள யாரு கேட்டா?" என்பவர்களுக்குத் தீர்மானப் பதிவேட்டில் உள்ள பக்கத்தைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

கொக்கி வந்தபின் காது வீக்கப் புகார் ஒன்றும் வரவில்லை. ஆனால் வேறு வேலை நடந்தது. சிலர் ஸ்டீல் கொக்கிப் பாக்கெட்டைக் கடனில் வாங்கிப்போய், அட்டையில் "சர்ஜிகல் ஸ்டீல்" என்று அச்சடித்து, பழைய இரும்புக் கொக்கியை மாட்டி விற்றிருக்கிறார்கள். அதனால்தான் கைப்பையில் காந்தம் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். "காந்தம் அக்கா வருது" என்று தேவிபட்டினத்தில் சொல்கிறார்களாம், சொல்லட்டும். காந்தத்தில் விறுக்கென்று ஒட்டினால் இரும்பு. பித்தளை ஒட்டாது என்பதால் அதற்குப் பூச்சைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் ஊசி வைத்திருக்கிறேன்.

விலை அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் சரக்குக் காசை மட்டும் கூட்டிப் பத்து ரூபாய் மேலே வைத்து விற்கிறோம். கைக்கூலி கணக்கிலேயே வருவதில்லை. 2025–26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு 42. ஒரு ஜோடிச் சிப்பிக் கம்மலுக்குக் கழுவி, துளை போட்டு, வளையம் மாட்டி, அட்டையில் குத்த முக்கால் மணி நேரம் என்றால் கூலி மட்டும் 31 ரூபாய் 50 காசு. மணி, கொக்கி, அட்டை, கவர் சேர்ந்து 22 ரூபாய் என்று வையுங்கள். 53 ரூபாய் 50 காசு ஆகிவிட்டது. உடைந்த சிப்பி, கரண்ட், படம் எடுக்கும் நேரம், "அக்கா வேற கலர் இருக்கா?" என்று ராத்திரி பதினொரு மணிக்கு வரும் மெசேஜுக்குப் பதில், இதெல்லாம் இன்னும் சேரவில்லை. அதை 50 ரூபாய்க்கு விற்கிறவர் மூன்றரை ரூபாயும் கையில் கொடுத்து அனுப்புகிறார்.

இதனால் கடைக்கு 75, நேரடி விற்பனைக்கு 100-க்குக் குறையக் கூடாது என்று பேசி முடித்தோம். பேசி முடித்த அதே மாதத்தில் அதே டிசைன் இன்ஸ்டாகிராமில் 45 ரூபாய்க்கு, டெலிவரி இலவசம் என்று வந்தது. யார் என்று சொல்லப் போவதில்லை, கூட்டத்தில் இருக்கிறார். அவருக்கு இது பொழுதுபோக்காக இருக்கலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கம்மல் காசில்தான் அரிசி வாங்கினோம் என்கிற வீடுகளும் இந்தச் சங்கத்தில் இருக்கின்றன.

பாதுகாப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. சுருக்கம்: சிப்பியைத் தண்ணீர்த் தட்டில் அமிழ்த்தித் துளை போடுங்கள், அந்த வெள்ளைத் தூள் நெஞ்சுக்குள் போனால் சுலபமாக வெளியே வராது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வது போதாது. பிளீச்சிங் பவுடர் ஊறும் வாளியில் ஒருபோதும் ஆசிட் ஊற்றாதீர்கள். வருவது குளோரின் புகை. ரெசின் (ஊற்றினால் கெட்டியாகும் பிசின்) ஊற்றுபவர்கள் மழை மாதத்தில் ஈரக்காற்றில் ஊற்றிவிட்டு மேலே பால் படிந்தது போல வெளுத்துவிட்டது என்று சரக்குக் கொடுத்தவரைத் திட்ட வேண்டாம்.

அடுத்தது சட்ட விஷயம். வேம்பாறு, வாலிநோக்கம் தொடங்கி மண்டபம் வரை நம் கண்ணெதிரே இருக்கும் தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986 முதல். பவளம், கடல் விசிறி, கடற்குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்து விற்கக் கூடாது. ஒரு உறுப்பினர் கம்மலை வெள்ளைப் பவளக் கொத்தின் மேல் சாய்த்து அழகாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். உடனே நீக்கச் சொன்னேன். "எங்க பாட்டி வீட்டுச் சுவரே பவளக்கல்லுதான், அதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். பாட்டி வீட்டுச் சுவரை அவர் இன்ஸ்டாகிராமில் விற்காத வரை எனக்கு ஒன்றுமில்லை. பனையோலையை விரித்து அதன்மேல் வைத்துப் படம் எடுங்கள், இன்னும் எடுப்பாக இருக்கும்.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்க விவரம் சொன்னோம். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு வயது குறைத்துச் சொல்பவர்கள் முதல்முறையாகக் கூட்டிச் சொல்ல முன்வந்தார்கள்; ஆதாரில் உள்ளதுதான் செல்லும். ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படுபவர்களுக்கு: மாநிலத்துக்குள் பொருள் விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நம் எல்லோருக்கும் அந்தத் தொல்லை சீக்கிரம் வரட்டும்.

சந்தா. மாதம் 50 ரூபாய், அரை ஜோடிக் கம்மல் விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளுக்குச் சந்தா கேட்பதில்லை என்று நாமே தீர்மானம் போட்டோம், அது நியாயம். ஆனால் ஜூன் 15 அன்று படகு கடலுக்குப் போய்விட்டது, சந்தா மட்டும் இன்னும் கரையில் நிற்கிறது. போன் செய்தால் "அனுப்பிட்டேன்னு நெனச்சேனே அக்கா" என்கிறார்கள். கொக்கிக் கடனும் அப்படித்தான். இதைவிட வேடிக்கை, நீண்டகாலப் பாக்கிதாரர் ஒருவர் மகளிர் தின ஸ்டாலில் தன் தட்டுக்கு முன்வரிசை இடம் கேட்டார். கொடுத்தோம். சங்கம் பெருந்தன்மையானது.

கணக்கு: வரவு சந்தா, ஸ்டால் பங்கு, ஒரு நன்கொடை ஆகியவற்றால் வந்தது. செலவு பெரும்பகுதி கொக்கி; மீதி டீ, ஜெராக்ஸ், ஸ்டால் வாடகை, சில்லறை. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவாகத் தோன்றும். கொக்கியாகவும் வெளியில் நிற்கும் கடனாகவும் இருப்பதைச் சேர்த்தால் குறையவில்லை. முழு விவரம் பொருளாளரிடம் உள்ள நோட்டில் இருக்கிறது. சில ரசீதுகள் மழையில் நனைந்துவிட்டன, ஆனால் படிக்கலாம்.

இடம் கொடுத்த பள்ளித் தலைமையாசிரியைக்கும், அட்டை அச்சடித்துத் தந்த அச்சகத்தாருக்கும், தலைவி அக்காவுக்கும், வேலை எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்த பொருளாளருக்கும், தங்கள் மனைவிமாரைக் கூட்டத்துக்கு அனுப்பிய கணவன்மாருக்கும், அனுப்பாதவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கொக்கி இரண்டாம் கொள்முதலுக்கு விற்பவர் இந்த முறை முன்பணம் கேட்கிறார். துளை போடும் மெஷின் ஒன்று பொதுவில் வாங்கி வைத்தால் புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு உதவியாக இருக்கும். அதை வைக்க யார் வீட்டிலாவது கரண்ட் வசதியுள்ள அறை சும்மா கிடந்தால் சொல்லுங்கள். சும்மா கிடக்கும் அறைகள் யார் யார் வீட்டில் உள்ளன என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் நீங்களாகச் சொன்னால் அழகு. செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கப்போவதில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். நான் அப்படி எங்கும் சொல்லவில்லை. வேறு யாராவது முன்வந்தால் பதிவேடு, ரசீது புத்தகம், கொக்கிப் பெட்டி, பாக்கிப் பட்டியல், காந்தம் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒப்படைக்கிறேன். பாக்கிப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டுக் கை தூக்கவும்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் மேசையில் ரசீது புத்தகத்தோடு இருப்பார். ஜிபே ஸ்கேன் அட்டையும் வைத்திருக்கிறோம். மீன் குழம்பும் சைவச் சாப்பாடும் அந்த மேசையைத் தாண்டியுள்ள அறையில் பரிமாறப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்