கத்தரியை முன்னாலேயே எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இப்போது வருகிற படங்களை எல்லாம் மூன்று மணி நேரத்துக்கு இழுக்கிறார்கள் என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு நீளத்தின் மீது கோபம் இல்லை. 'ஓப்பன்ஹைமர்' மூன்று மணி நேரப் படம், பெரும்பகுதி அறைகளுக்குள் உட்கார்ந்து பேச்சுதான், ஆனாலும் நான் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. படத்தை வெளியிட்டு, ஜனங்கள் முணுமுணுத்த பிறகு கத்தரியைத் தேடுகிறார்களே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2024இல் 'இந்தியன் 2' மூன்று மணி நேரமாக வந்தது, சில நாளிலேயே 12 நிமிடம் போனது. 'கங்குவா'விலும் 12 நிமிடம். அது வேண்டாத பகுதி என்று எடிட்டிங்கின்போது யாருக்குமே தோன்றவில்லையா? தோன்றியிருக்கும், ஆனால் பெரிய நாயகன் நடந்து வருகிற ஸ்லோமோஷனிலும் கதையோடு ஒட்டாத பாட்டிலும் கை வைக்க மனசு வந்திருக்காது. கடைசியில் ஆசையோடு முதல் நாளே டிக்கெட் எடுத்தவர்தான் முழுக் காசையும் கொடுத்துத் திருத்தாத படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்.

'மெய்யழகன்' விஷயத்தில் எனக்கு வேறு வருத்தம். ராத்திரி முழுக்க இரண்டு பேர் மனசு விட்டுப் பேசுவதுதான் அந்தப் படம், அதில் போய் 18 நிமிடத்தை எடுத்தார்கள். அந்த நிதானம் பிடித்தவர்களுக்கு அது நீளமே இல்லை, பிடிக்காதவர்களுக்கு 18 நிமிடம் போனாலும் நீளம்தான், அப்புறம் யாருக்காக வெட்டினார்கள்? 'புஷ்பா 2' இதற்கு நேர்மாறு. மூன்று மணி இருபது நிமிடம் போதாதென்று 2025 ஜனவரியில் இன்னும் 20 நிமிடத்தைச் சேர்த்தார்கள்.

ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஆயிரம் அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஒவ்வொரு அடிக்கும் காசு என்பதால் எது வேண்டும் என்று முதலிலேயே யோசித்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, 11,000 அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது. அதாவது இரண்டு மணி நேரம் சொச்சம். பாட்டுக்கு மேல் பாட்டாக ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படங்கள் அந்த அளவுக்குள் கதை சொல்லப் பழகிக்கொண்டன. டிஜிட்டலில் இந்தக் கவலை எதுவும் கிடையாது, எடுத்துக்கொண்டே போகலாம்.

இன்றைக்கும் முடியாமல் இல்லை. 'மகாராஜா' இரண்டு மணி இருபது நிமிடம்தான், ஒரு காட்சியை உருவினால்கூடக் கதை புரியாமல் போய்விடும், அப்படிக் கோத்திருக்கிறார்கள்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தணிக்கைக்கு அனுப்பும் முன் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். நாயகனின் ரசிகர் மன்றத்தாரை மட்டும் அதற்குக் கூப்பிடாதீர்கள். அதையும் மீறி வெளியான பிறகுதான் வெட்டுவீர்கள் என்றால், முதல் நாள் டிக்கெட்டைக் காட்டுகிறவர்களைத் திருத்திய படத்துக்குக் காசு வாங்காமல் உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்