பிடியரிசி எடுத்து வைத்த பாட்டிக்கும் உங்கள் எல்லாருக்கும்

சபையாருக்கும், ஊராருக்கும், களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை இதற்குள் எல்லாரும் அறிந்திருப்பீர்கள். நடந்தது என்ன என்று நான் விவரிக்க வேண்டிய தேவையும் இல்லை. சில செய்திகள் எங்களுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தன. வீடு வீடாக வந்து கையைப் பிடித்து நன்றி சொல்வதே முறை என்றாலும், அவரைத் தனியே விட்டு வர இப்போதைக்கு இயலாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

நள்ளிரவில் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஓட்டிய தம்பி, இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து வந்த பள்ளிவாசல் தெரு இளைஞர்கள், எங்கள் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடங்காமல் பார்த்துக்கொண்டு, ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற பணத்தைக் கணக்கு எழுதிக் கொடுத்த பக்கத்து விளை அண்ணன், பகவதி கோயிலில் என் கணவர் பெயருக்கு அர்ச்சனை செய்த எதிர்வீட்டு அக்கா, என் தமிழையும் தங்கள் மலையாளத்தையும் கலந்து பேசி என்னைத் தேற்றிய செவிலியர்கள், விடியற்கால ஜெபத்தில் எங்களை ஒருநாளும் மறவாத போதகர் ஐயா, சேகரக் கமிட்டியார் என எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கு என்று கோடு பிரித்தார்கள். ஆபத்து என்றால் நாம் இன்றும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஓடுகிறோம். தாண்டிய இடத்தில் எங்களை ஒருவரும் அயலாராக நடத்தவில்லை.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறேன்.

உலையில் இடுவதற்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனியே போட்டு வைப்பதும், சேர்ந்ததை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவதும் நம் சபைப் பெண்களின் பழைய வழக்கம். 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது முதல் இந்தத் தென்திருவிதாங்கூரில் ஆலயங்கள் எழுந்த கதையைச் சொல்லும்போது மிஷனெரிமாரின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறோம். அடுப்பங்கரையில் பிடி பிடியாக எடுத்து வைத்த பெண்களில் ஒருவர் பெயரையாவது நான் பார்த்த கல்வெட்டுகளில் கண்டதில்லை.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் காலையில், கீழ்த்தெருவில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவர் வந்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. கையில் மூடி துருப்பிடித்த பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் ரேஷன் அரிசி முக்கால் அளவுக்கு. கல்லும் உமியும் ஏற்கெனவே பொறுக்கப்பட்டிருந்தன. ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டியதை இங்கே கொண்டு வந்துவிட்டாரோ என்று நினைத்து நான் தயங்கியதைக் கண்டு, "கர்த்தருக்க டப்பாவில கை வைக்கக் கூடாதில்லியா மக்களே, அதான் உங்களுக்கு வேற டப்பாவில எடுத்தேன்" என்றார். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதும் அந்த வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் இரண்டு பிடி எடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் சாப்பாட்டுக்கு அளக்கும் அரிசியில் இரண்டு பிடி என்றால் என்ன மிஞ்சும் என்று கேட்டதற்கு, "கஞ்சி கொஞ்சம் தெளிவா இருக்கும், வேற என்ன?" என்று சொல்லிவிட்டு, என் கணவரின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். காப்பி குடிக்கக்கூட நிற்கவில்லை.

பிறர் தந்த உதவிகளையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கடனாக வந்த தொகை கடனாகவே திரும்பிச் செல்லும். அதில் யாரும் கவலைப்பட வேண்டாம். அன்று இரவு அந்த நோட்டைத் திறந்தபோது அரிசியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. எடை போட்டு எழுதலாம்தான். ஆனால் ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் ஒருவர் எங்களை நினைத்திருக்கிறாரே, அதை எந்தத் தராசில் வைப்பது? அந்த வரியை எழுதாமலே விட்டுவிட்டேன்.

எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியா நாட்டுச் சபைகள் தங்கள் கொடிய தரித்திரத்திலும் வாரிக் கொடுத்ததைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அவர்களுடைய தாராள குணத்தைப் புகழ்ந்து தொடங்கவில்லை; தேவன் அவர்களுக்கு அளித்த கிருபையை அறிவிக்கிறேன் என்றே தொடங்குகிறார். இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருந்தும், கிருபை என்றால் உதவி பெறுகிறவர்களைக் குறித்தே நான் எண்ணியதுண்டு. கொடுக்க மனம் வருவதும், கொடுத்தபின் அது பெரிதாகத் தோன்றாமல் போவதும் கிருபையின் வேலை என்பதை அந்தப் பாட்டியின் நடையில் பார்த்தேன். எங்களுக்கு வரும் முன்பே அது அவர் வீட்டு அடுப்படிக்கு வந்திருக்கிறது.

"எங்கள் ஜெபம் கேட்கப்பட்டது, உங்களுக்குக் கிருபை கிடைத்தது" என்று பலரும் அன்போடு சொல்கிறீர்கள். நானும் ஆமென் என்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பக்கத்துப் படுக்கையில் கிடந்த பிள்ளைக்காகவும் ஒரு தாய் இரவெல்லாம் முழங்காலில் நின்றார். அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எங்களுக்குக் கிருபை மிகுதி, அவர்களுக்குக் குறைவு என்று சொல்ல என் நாக்கு எழாது. தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கு முள் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அதுபோலவே, இது எந்தப் பாவத்தின் பலனோ என்று நோயாளியின் காதுபடப் பேசியவர்கள், பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு ஆண்டவர் என்ன சொன்னார் என்பதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒருமுறை வாசிக்கும்படி வேண்டுகிறேன். வருத்தம் இல்லை, வாசித்தால் போதும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தந்த மன்னா என்னும் அப்பத்தை அன்றன்றைக்குத் தலைக்கு ஓர் ஓமர் அளவு என்று சேர்க்கும்படி கர்த்தர் சொன்னார்; விடியற்காலம்வரைக்கும் மீதி வைத்தது புழுத்து நாறியது. சிகிச்சை இன்னும் முடியவில்லை என்பதால் எங்கள் வீட்டின் நாட்களும் இப்போது அவ்வாறே செல்கின்றன. காலையில் எழுந்ததும் அடுத்த மாதத்துப் பரிசோதனையை நினைத்தால் கை நடுங்குகிறது. இன்றைய மாத்திரை, இன்றைய கஞ்சி, இன்று அவர் முற்றத்தில் நடக்க வேண்டிய பத்தடி என்று வைத்துக்கொண்டால் அதற்குரிய பெலன் எப்படியோ வந்து சேருகிறது. சில நாள் அது ஜெபத்தில் வருகிறது. பல நாள், உண்மையைச் சொன்னால், பக்கத்து வீட்டிலிருந்து மூடி போட்ட பாத்திரத்தில் வருகிறது.

பாட்டிக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கொடுத்தாலும் வாங்க மாட்டார். அதற்குப் பதிலாக, எங்கள் அடுப்படியிலும் கர்த்தருக்குரிய டப்பாவின் பக்கத்தில் இரண்டாவது ஒன்றை வைப்பதாக ஆண்டவர் முன்பாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். அது யாருக்கு என்று இன்னும் எனக்குத் தெரியாது. யார் வீட்டிலாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகத் தெரிந்தால், வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள். சேகரத்திலிருந்து எங்களுக்குத் தந்த வீல்சேரை அவர் இப்போது பயன்படுத்துவதில்லை. துடைத்துச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு முன்னறையில் வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் எந்த நேரத்திலும் வந்து எடுத்துச் செல்லலாம். இடது பக்கத்து பிரேக் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதைச் சரிபார்த்த பிறகு உட்கார வையுங்கள்.