ஆயா கையில் கொடுத்த களைக்கொத்து

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ராத்திரி ரசம் சோற்றைத் தன் கையாலேயே பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். அதைப் பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். இந்த 40 நாளில் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியாததில்லை.

ரத்தம் கொடுத்த தம்பிகள், வார்டில் முறை வைத்துக் கண்விழித்த அவருடைய நண்பர்கள், "முடியும்போது கொடும்மா, போதும்" என்று பணம் அனுப்பிய சித்தப்பா, என் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, உங்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின நாள் பண்ருட்டி பக்கத்தில் இருக்கும் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனேன். 18 வருடமாக வங்கியில் அதிகாரியாக இருப்பவள் நான். எங்கே போனாலும் முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார்கள், எனக்கும் அது பழகிப் போயிருந்தது. அன்று சாமியிடம் கேட்டதும் அதே தோரணையில்தான். இத்தனை அபிஷேகம் செய்திருக்கிறேனே, எனக்கா இப்படி? சன்னதியில் நிற்க முடியாமல் வெளிப் பிராகாரத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

கல் இடுக்கில் புல் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆயா எழுந்து வந்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. களைக்கொத்தை என் கையில் வைத்து, "இந்த ஓரமா கொஞ்சம் செதுக்கும்மா, எனக்கு இடுப்பு நோவுது" என்றார். அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். இடுப்பு நோவுது என்றவர், என் பக்கத்திலேயே குந்தி விரலால் கோரையைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்!

"மேலாக்க அறுக்காத, நாளைக்கே வந்துடும். அடியில கெழங்கு இருக்கும் பாரு, அத எடு."

புடவையைச் செருகிக்கொண்டு நானும் குந்தினேன். கோரைக்கு அடியில் கறுப்பாக, சுண்டைக்காயளவு ஒரு கிழங்கு. அது கைக்கு வரும்வரை விடாமல் கிளற வேண்டும். நகக்கண்ணெல்லாம் மண். அழுகை எப்போது நின்றதோ தெரியாது. சாமியிடம் கேட்க ஒன்றுமே தோன்றவில்லை, பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. நெஞ்சு நிறைய ஒரு சந்தோஷம். அவர் ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடக்கும்போது சந்தோஷமா என்று பயம்கூட வந்தது.

சூலை நோய் என்கிற கொடிய வயிற்றுவலியோடு, தேவாரம் பாடிய அப்பர் தன் அக்காவைத் தேடி வந்தது இந்த ஊருக்குத்தான். அதுவரை சமண மடத்தில் தருமசேனர் என்று பெரிய இடத்தில் இருந்தவர். கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்த அக்கா திலகவதியார் கையால் திருநீறு வாங்கினார். வலி தீர்ந்த பிறகு அந்தப் பெரிய இடத்துக்குத் திரும்பவில்லை, உழவாரத்தை எடுத்துக்கொண்டார். சிலையில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது புல் செதுக்குகிற கருவி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கிளம்பும்போது பணம் எடுத்து நீட்டினேன். ஆயா என் கையை ஒதுக்கிவிட்டு, களைக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோயில் தெருக்காரர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆயா, பட்டறையில் எனக்கென்று ஒரு களைக்கொத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் வந்துவிடுவேன். மதிலோரத்துக் கோரைக்கு நீங்கள் குனிய வேண்டாம், அதை எனக்கு விட்டுவையுங்கள்.