அம்மா, மலாக்கா போயிட்டு வந்தேன்

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ கால் வலிக்கு மாத்திரை ஒழுங்கா போடுறியா? அக்கா, இத அம்மாவுக்கு மெதுவா படிச்சுக்காட்டு, போன்ல சொன்னா பாதியில கட் ஆயிடும்னுதான் உக்காந்து எழுதுறேன்.

போன வாரம் ரெண்டு நாள் சேர்ந்தாப்ல லீவு கெடைச்சுது, கோலாலம்பூர்ல பஸ் ஏறுனா மலாக்கா ரெண்டு மணி நேரம்தான், போயிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்பதான்மா கடல கண்ணால பாக்குறேன். நாகப்பட்டினத்துல பொறந்தவனுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு உனக்குத் தெரியும்.

ஊர் பேரே ஒரு மரத்தோட பேருதான். 1400 வாக்குல பரமேஸ்வரான்னு ஒரு ராஜா அந்த மரத்தடியில உக்காந்திருந்தாராம், அப்ப ஒரு சருகுமான் அவரோட வேட்டை நாய எட்டி ஒதைச்சுதாம், இந்த மண்ணுல சின்ன உசுருக்கும் தைரியம் இருக்குன்னு அங்கயே ஊர் கட்டிட்டாராம். அது என்ன மரம்னு பாத்தா நம்ம நெல்லிமரம்மா! கொல்லையில நிக்குதே, அதே நெல்லி. எனக்கு அங்கயே தொண்ட அடைச்சிருச்சு.

அப்பா கச்சான் காத்து, வாடைக் காத்துன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருல்ல, இந்த ஊரே அதுலதான் பொழைச்சிருக்கு. தென்மேக்கேருந்து அடிக்கிற கச்சான்ல நம்ம பக்கத்துக் கப்பல் வரும், வடகெழக்கேருந்து அடிக்கிற வாடையில சீனாக் கப்பல் வரும், திரும்பிப் போகணும்னா காத்து மாறணும், அது வரைக்கும் மாசக்கணக்குல இங்கயே கெடக்கணும். அப்படிக் கெடந்த எடத்துலதான் யாவாரம், கல்யாணம், கோயில் எல்லாம் நடந்துருக்கு. போர்ச்சுகீசு காலத்துல இங்க இருந்த தோமே பிரேஷ்னு ஒருத்தர் இந்தத் துறைமுகத்துல 84 பாஷை கேக்கும்னு எழுதி வச்சிருக்காரு. அதுல நம்ம தமிழும் இருந்துருக்கு. கப்பல், கடை, கட்டில், பெட்டி எல்லாத்தையும் மலாய்லயும் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்றாங்க.

1511ல போர்ச்சுகீசு புடிச்சான், 1641ல டச்சுக்காரன், 1824லேருந்து இங்கிலீஷ்காரன். போர்ச்சுகீசு கோட்டையில இப்ப மிச்சம் ஒரே ஒரு வாசல்தான், மத்தத இங்கிலீஷ்காரன் இடிச்சுட்டான். அந்த வாசல் அப்ப கடல் ஓரத்துலயே இருந்துச்சாம், இப்ப கடல தூர்த்து கட்டடமா கட்டிட்டதால தண்ணி எங்கயோ தள்ளிப்போச்சு. கடல இப்படித் தள்ளி வைக்கிறது எனக்குப் புடிக்கல. அந்த வாசலுக்கு மேல இருக்குற மலையில கூரை இல்லாத பழைய சர்ச் ஒன்னு, சவேரியாரோட உடம்ப 1553ல கோவாவுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச மாசம் அங்கதான் வச்சிருந்தாங்க. சுவர்ல பெரிய பெரிய டச்சுக் கல்லறைக் கல்லா சாத்தி வச்சிருக்கு, நம்ம ஊர்ல டச்சுக்காரன் கட்டுன பீட்டர் சர்ச் ஞாபகம் வந்துச்சு.

ஒரே தெருவுல 1748ல கட்டுன கம்போங் கிளிங் பள்ளிவாசல், ஒரு சீனக் கோயில், நம்ம புள்ளையார் கோயில் மூணும் இருக்கு. புள்ளையார் கோயில் 1781ல வந்தது, டச்சுக்காரன் நிலம் கொடுத்துருக்கான். அதே 1781லதான் நாகப்பட்டினம் அவன் கைய விட்டுப் போச்சு.

ஆனா உனக்கு சொல்லணும்னு நெனச்சது இது இல்லம்மா. கஜா பெராங்னு ஒரு எடம், அங்க செட்டி ஜனங்க இருக்காங்க. நம்ம கரையிலேருந்து சுல்தான் காலத்துலயே வந்த தமிழ் யாவாரிங்க இங்க உள்ள பொண்ணுங்களக் கட்டிக்கிட்டு தங்கிட்டாங்க, அவங்க வழிதான் இவங்க. மாரியம்மன் கோயில் இருக்கு, நெத்தியில விபூதி இருக்கு, ஆனா தமிழ் போயிருச்சு, வீட்லயும் மலாய்தான். கோயில் வாசல்ல ஒரு வயசான அம்மா, உன் வயசுதான் இருக்கும், சாரோங் கட்டிக்கிட்டு உக்காந்துருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை மலாய்ல பேசுனேன். பொங்கலுக்கு முத நாள் போகி அன்னைக்கு வாழையிலை போட்டு, செத்துப்போனவங்களுக்குப் புடிச்சத எல்லாம் சமைச்சுப் படைப்பாங்களாம், அப்பறம் எல்லாரும் வெளிய வந்துருவாங்களாம், அவங்க வந்து சாப்புடட்டும்னு. அதுக்குப் பேரு பர்ச்சு. மலாய்ல சொல்லிக்கிட்டே வந்தவங்க போகி, பொங்கல்னு சொல்றப்ப மட்டும் நம்ம வார்த்தையாவே வருது. நான் அழுதுட்டேன். அவங்க ஒன்னும் கேக்கல, என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

நம்ம வீட்லயும் கதவ சாத்திட்டு வெளிய நிப்போமே, அந்த ஞாபகம்தான். நான் நின்னதோட சரி, உள்ள நீ என்ன வச்சன்னு பாத்ததே இல்ல. வர்ற போகிக்கு நான் இங்கதான் இருப்பேன், லீவு கெடைக்காது. அதனால அப்பாவுக்கு எத்தனை இலை போடுற, என்னென்ன வைக்கிற, எதுக்குப் பக்கத்துல எது, முதல்ல எத வைக்கணும், எல்லாத்தையும் அக்காகிட்ட சொல்லி எழுதி அனுப்பு. அந்த எறா தொக்குக்கு புளி எவ்ளோன்னும் எழுதச் சொல்லு. 5ம் தேதி காசு அனுப்புறேன்.

உன் மவன்